எசெத்தா அண்ணியின் சூட்டுப் பெட்டி

எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்றைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். வீடுகளுக்குத் தூண் உண்டு, கூரை உண்டு, சுவர் கிடையாது. அதனால் எசெத்தா அண்ணி கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களோடு மூன்று வாரம் மல்லுக்கட்டிய கதை கடற்கரை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை முழுசாகச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அதில் அசடு வழிந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

என் பெயர் ஃபிலெமோனி. எசெத்தா அண்ணியின் கணவர் சகாரியாவின் தம்பி. என் மனைவி போன பிறகு, தூங்குவது என் வீட்டில், சாப்பிடுவது பத்தடி தள்ளி அண்ணன் வீட்டில் என்று ஆகிவிட்டது. எங்கள் தீவின் தலைநகர் ஆப்பியாவில் கரண்ட் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் கம்பம் ஏறியவன். ஊரில் ஒரு பல்பு கண் சிமிட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அண்ணிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊர்ப் பள்ளியில் முப்பத்தொரு வருஷமாக ஒன்றாம் வகுப்பு அவருடையது. இன்று ஊர்ச் சபையில் கால் மடக்கி உட்கார்ந்து அபராதம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் காகிதத்தில் அவர் வெறும் உதவி ஆசிரியை. இருபத்தொரு வயதில், ஆசிரியர் கல்லூரியில் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போது, அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. பிறகு கல்யாணம், ஐந்து பிள்ளைகள்.

போன வருஷம் தொடக்கத்தில் புதுத் தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: வரும் ஜனவரியில் இருந்து டிப்ளமா இல்லாதவர்களுக்கு வகுப்பு கிடையாது, வேண்டுமானால் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணி வீட்டுக்கு வந்து சேப்பங்கிழங்கை நறுக்கிய வேகத்தைப் பார்த்து அண்ணன் மெதுவாகத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மறுநாள் காலையில் அண்ணி, "விட்ட இடத்துல இருந்து படிக்கப் போறேன்" என்றார். அவ்வளவுதான்.

படிப்பு வீட்டில் இருந்தபடியே. பாடம் நடத்துவது, கேள்வித்தாள் அனுப்புவது எல்லாம் பக்கத்துத் தீவு நாட்டில் இருக்கும் சுவாவில் இருந்து. ஆக்லாந்தில் இருக்கும் மகள் மகெரிதா, பழைய துணிமணி, டின் மாட்டிறைச்சி இவற்றுக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டரையும் கப்பலில் போட்டு அனுப்பினாள். அது வந்து இறங்கிய நாளில் ஊரே பார்க்க வந்தது. போதகர் வந்து ஜெபம் பண்ணினார். பெண்கள் சங்கத்தார் அதற்கென்றே ஒரு மூடுதுணி தைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு மடிப்பு, நடுவில் பஞ்சு, மேலே சிவப்புச் செம்பருத்திப் பூ வேலை, ஓரத்தில் தரை வரைக்கும் லேஸ். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒன்றை அவர்கள் தைத்ததில்லை. பெட்டிக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் அது அந்தத் துணிக்குள்தான் இருக்கும்.

ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அக்டோபரில் வெயில் ஏறியதும் பெட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பகலில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் இருந்து மாலை வரைக்கும் மூச்சுவிடாமல் ஓடும். ஆனால் இருட்டிய பிறகு, ஜெபம் முடித்து அண்ணி பாடத்தைப் போட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, பட்டென்று திரை கறுத்துவிடும். மறுபடி போட்டால், அதிக வெப்பத்தால் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி எழுதிக் காட்டும். தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே சோற்றுப் பானை போலக் கொதிக்கும்.

அண்ணி கம்பெனிக்குப் போன் போட்டார். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பார், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமாம். லைன் கிடைக்கும் வரை கம்பெனிக்காரர்கள் போடும் பாட்டு ஒரு மணி நேரம் ஊர் முழுக்கக் கேட்கும். முதல் தடவை ஒரு பெண் வந்தாள். எந்த ஊரில் இருந்து பேசினாளோ.

"மேடம், கம்ப்யூட்டர் இருக்கிற அறையில காத்தோட்டம் நல்லா இருக்கா?"

"அறையா? எங்க வீட்டுக்குச் சுவரே இல்லம்மா."

"ஐயோ, இடிஞ்சு போச்சா மேடம்? புயலா?"

"இடியல. கட்டவே இல்ல."

அவள் அதையும் தட்டிக்கொண்டாள். பிறகு, "சரி மேடம், எதுக்கும் ஜன்னலைத் திறந்து வச்சுப் பாருங்க" என்றாள்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த கோகோ புரை ஏறிவிட்டது. அண்ணி அவரை முறைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

"வேலை செய்யும்போது மேல ஏதாவது போட்டு மூடுறீங்களா மேடம்?"

"வேலை செய்யும்போது எவளாவது மூடுவாளா? நான் என்ன மடச்சியா?"

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பெட்டியை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடச் சொல்லிப் போனை வைத்தாள்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். "அண்ணி, இது வோல்டேஜ் கோளாறு. சாயங்காலம் ஊரெல்லாம் ஒரே நேரத்துல லைட்டு போடுது. கரண்டு படுத்துக்குது. பெட்டி திணறுது. இருபத்தெட்டு வருஷம் கம்பம் ஏறினவன் சொல்றேன்" என்றேன். சொன்னதோடு நிற்காமல் அண்ணனைப் பஸ் ஏற்றி ஆப்பியாவுக்கு அனுப்பி ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கிவரச் செய்தேன். வாங்கிவந்து மாட்டினோம். அன்றைக்கும் பெட்டி ஏழு மணிக்குக் கண்ணை மூடியது. அண்ணி என்னைப் பார்க்கக்கூட இல்லை, அதுதான் ரொம்ப உறைத்தது.

இரண்டாவது தடவை பேசியவன் பெருமூச்சு விட்டுக்கொண்டே பேசுகிற ஆள். உள்ளே தூசியாக இருக்கும், திறந்து துடையுங்கள் என்றான். அண்ணன் திறந்தார். ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி காய்ந்து கருவாடாகிக் கிடந்தது. அடடா, குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அண்ணி அதை ஈரப்பலா இலையில் வைத்து, "உன்னால எனக்கு எத்தனை பாடம் போச்சு தெரியுமா" என்று திட்டிவிட்டுத்தான் வெளியே போட்டார். அன்று மாலையும் ஏழு மணிக்குத் திரை கறுத்தது. பாவம், பல்லியின் மேல் வீண்பழி.

மூன்றாவது தடவை பேசினவர்கள், பெட்டியை ஆக்லாந்துக்கு அனுப்பிவிடுங்கள், ஆறு வாரத்தில் சரிசெய்து திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். கடைசித் தேர்வுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. வியாழக்கிழமை, மாலை ஐந்து மணியில் இருந்து எட்டு மணி வரை. நடுவில் பெட்டி நின்றால் அதோடு தேர்வு முடிந்தது. பள்ளியில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று ஓடாது, இன்னொன்றைத் தலைமையாசிரியர் பூட்டி வைத்திருக்கிறார். ஆப்பியா தேர்வு மையத்தில் இடமெல்லாம் ஜூலையிலேயே நிறைந்துவிட்டதாம். அன்று ராத்திரி அண்ணி சாப்பிடவில்லை. அழுகையைத் தேங்காய் துருவும் சத்தத்தில் மறைக்கப் பார்த்தார். எங்கள் வீடுகளில் அது நடக்காது. எனக்குக் கேட்டது, அண்ணனுக்கும் கேட்டது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷர். திருச்சபையில் மூப்பர். அவருக்கு ஒரே ஒரு குறை உண்டு, அவருடைய ஜெபத்துக்கு முடிவே இல்லை. எங்கள் ஊரில் அந்தி நேரத்தில் மூன்று தடவை மணி அடிப்பார்கள். முதல் மணிக்கு எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது மணிக்கு ஜெபம் தொடங்கும். மூன்றாவது மணி வரைக்கும் தெருவில் நாய்கூட நடக்காது. மீறினால் ஊர்ச் சபை ஒரு பெட்டி டின் மீனை அபராதமாகக் கேட்கும். மற்ற வீடுகளில் ஜெபம் கால் மணி நேரம். அண்ணனோ அரசாங்கத்தில் தொடங்கி, மழை, மீன், தோட்டம், காலில் புண் வந்த பன்றி என்று போய், பிறகு வெளியூரில் இருக்கும் சொந்தங்களைப் பேர் பேராகச் சொல்வார். மூன்றாவது மணி அடித்து, பக்கத்து வீடுகளில் சாப்பாடே முடிந்திருக்கும். அண்ணன் அப்போதுதான் ஆக்லாந்து, சிட்னி எல்லாம் முடித்துப் பிரிஸ்பேனுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

அண்ணிக்கு இதில் ஒரு பழைய மனத்தாங்கல். "முப்பது வருஷமா அந்த லிஸ்ட்டக் கேக்கறேன் மோனி. பன்னி வந்திருக்கு. என் பேரு ஒரு நாளும் வந்ததில்ல" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அண்ணனோ, "நீதான் பக்கத்துலயே இருக்கியே" என்று முடித்துவிடுவார்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, அண்ணி நாலாவது தடவையாகப் போன் போட்டார். ஐந்தேகால் மணிக்கு ஆரம்பித்த பாட்டு ஓயவே இல்லை. முதல் மணி அடித்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார், வைக்க மனசு வரவில்லை. அண்ணன் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாயில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். தேவாலயத்து வாசலில் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டரை யாரோ ஓங்கி அடித்தார்கள், இரண்டாவது மணி. அந்த நேரம் பார்த்து லைன் கிடைத்தது, ஒரு பையன் குரல்.

"வணக்கம்மா, சுவாவில இருந்து இலாய்தியா பேசறேன். என்ன உதவி வேணும்?"

அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு பக்கம் ஊர் மணி, ஒரு பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த ஆள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கிசுகிசுத்தார். "தம்பி, எங்க ஊர்ல ஜெபம் ஆரம்பிச்சிருச்சு. நான் பேசக் கூடாது. தயவு பண்ணி வச்சிடாதப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனைக் கம்ப்யூட்டர் மேசைமேல் அப்படியே வைத்துவிட்டு, தினமும் செய்வதை எல்லாம் மளமளவென்று செய்துமுடித்துப் பாயில் வந்து உட்கார்ந்தார்.

பாட்டு பாடினோம். மூன்று சரணம். அண்ணன் ஜெபத்தைத் தொடங்கினார். இன்றைக்காவது சுருக்குவார் என்று பார்த்தேன். எங்கே? போனில் காத்திருக்கும் பிள்ளையை நினைத்து அவருக்கு உருக்கம் கூடிவிட்டது. "ஆண்டவரே, அந்தக் கருவிக்குள்ள இருக்கிற மகனையும், அவனைப் பெத்தவளையும், அவன் ஊரையும், அவன் முதலாளியையும்" என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணி இரண்டு கண்ணையும் இறுக மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம். ஆமென் சொன்னதும் எழுந்து ஓடிப் போனை எடுத்தார்.

"தம்பி... போயிட்டியா?"

"இருக்கேம்மா. ஆமென்."

அண்ணன் ரொம்பச் சாதாரணமாக, "நல்ல பையன்" என்றார்.

"மன்னிச்சுக்கப்பா, உன் வேலையெல்லாம் கெட்டுப்போச்சு."

"ஒண்ணும் கெடலம்மா. எங்க தாத்தாவும் போதகர்தான். ரெண்டு நிமிஷம் யாரும் பேசலேன்னா லைனைக் கட் பண்ணச் சொல்லித்தான் ரூல். எங்க மேலதிகாரி அம்மா பின்னாடி வந்து நின்னாங்க. பாட்டைக் கேட்டாங்க. அவங்களும் ஒரு ஹெட்போனை மாட்டிட்டு உக்காந்துட்டாங்க. உங்க பன்னிக்குக் கால் எப்படி இருக்குன்னு கேக்கச் சொல்றாங்க."

அண்ணி சிரித்தேவிட்டார், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போனைக் கம்ப்யூட்டர் பக்கத்துலதானே வச்சீங்க? வச்சப்போ ஃபேன் சத்தம் லேசாத்தான் கேட்டுச்சு. பாட்டு முடியறப்போ கூடிப்போச்சு. அப்பா ஆக்லாந்து பேரெல்லாம் சொல்றப்போ இரைய ஆரம்பிச்சுது. பிரிஸ்பேன் வர்றப்போ அப்பா பேச்சே எனக்குக் கேக்கல, அவ்வளவு சத்தம். பாட்டுக்கு முன்னாடி நீங்க அந்தப் பெட்டிய என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலியே. அதத் தொடவே இல்ல. துணியப் போட்டேன், வந்து உக்காந்தேன்."

"எந்தத் துணி?"

"ஜெபத்துக்குப் போடற துணிதான். டிவிக்கு ஒண்ணு போட்டேன், இதுக்கு ஒண்ணு."

"கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கறப்பவா?"

"அணைச்சா திரும்ப எழுந்திருக்க அரை மணி ஆக்குதுப்பா, அதான் அணைக்கறதில்ல."

"அம்மா, மூடுறீங்களான்னு எங்க ஆளுங்க மூணு தடவை கேட்டதா இங்க எழுதியிருக்கே."

"மூடறது வேற, இது வேற தம்பி! இது மரியாதை. ஆண்டவர் முன்னாடி அது பாட்டுக்குத் திறந்து கிடக்கலாமா?"

சொல்லி முடித்தவர் மெதுவாகத் திரும்பி மேசையைப் பார்த்தார். செம்பருத்திப் பூ வேலையும் லேஸுமாகப் பெட்டி உட்கார்ந்திருந்தது. துணியை எடுத்தார். உள்ளே இருந்து சூடு முகத்தில் அடித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது.

அண்ணி என் பக்கம் திரும்பி, "வோல்டேஜு" என்றார். ஒரே வார்த்தை. பக்கத்து வீட்டில் இருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இலாய்தியா வைத்துவிடவில்லை. "எங்க வீட்லயும் உண்டும்மா. எங்கம்மா டிவிய செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சிருவாங்க. நீங்க திரைய மட்டும் ஒரு கைக்குட்டையால மூடுங்க. பெட்டிய விட்டுருங்க, அது மூச்சு விடணும்" என்றான். பெட்டி அம்மணமாக இருப்பது சரியா என்று அண்ணி அண்ணனைக் கேட்டார். மூப்பர் என்கிற முறையில் அண்ணன் யோசித்தார். "மூச்சு விடறதெல்லாம் ஆண்டவரைத் துதிக்கட்டும்னு வேதத்துலயே இருக்கு, விட்டுரு" என்றார்.

புதன்கிழமை கைக்குட்டையோடு சோதித்துப் பார்த்தோம். அண்ணனின் முழு ஜெபத்துக்கும் பெட்டி கம்மென்று இருந்தது. கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். தேர்வு மூன்று மணி நேரம். அதன் நடுவில் இரண்டாவது மணி அடிக்கும். தேர்வு நடத்தும் சுவாக்காரர்களின் கடிகாரம் அண்ணனுக்காக நிற்காது.

"அண்ணி, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கு மட்டும் சுருக்கமா முடிக்கச் சொல்லி."

"நான் கேக்க மாட்டேன். முக்கால் மணி நேரம் ஆண்டவருக்கு, மிச்சம் எனக்குப் போதும்." போதாது என்று அவருக்கே தெரியும்.

நான் அண்ணனிடமே போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "ஆண்டவர்கிட்டப் போய் இன்னிக்கு நேரமில்லேன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அண்ணி உட்கார்ந்தார். தேவாலயத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டார்கள், யாரும் சொல்லவில்லை. தட்டச்சுச் சத்தமும் ஃபேனின் மெல்லிய சத்தமும் மட்டும் கேட்டன. முதல் மணி அடித்தது. இரண்டாவது மணியும் அடித்தது. அண்ணி எழுந்தார். திரைமேல் கைக்குட்டையைப் போட்டார், பாயில் வந்து உட்கார்ந்து கை கூப்பினார். நான் அண்ணனைப் பார்க்கவே இல்லை, அவ்வளவு கடுப்பு.

அண்ணன் பாட்டைத் தொடங்கினார். ஒரு சரணம். புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஆண்டவரே," என்றார். தொண்டையைச் செருமினார். "எல்லாம் உமக்குத் தெரியும். ஆமென்."

அண்ணி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணன் தலையை ஆட்டினார், போ என்று. அண்ணி சத்தமில்லாமல் எழுந்து மேசைக்குப் போனார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாயிலேயே இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. சரி, விட்டுப்போன லிஸ்ட்டை மெதுவாக முடிக்கிறார் என்று நினைத்தேன். பிரிஸ்பேன் வரைக்கும் போய்விட்டாரா என்று பார்க்கக் கொஞ்சம் சாய்ந்து காதைக் கொடுத்தேன். பிரிஸ்பேனும் இல்லை, சிட்னியும் இல்லை. மழை, மீன், பன்றி எதுவும் இல்லை. ஒரே ஒரு பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது மணி அடித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. எட்டு மணிக்கு அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளும் வரைக்கும் நிறுத்தவில்லை. கடைசிக் கேள்வியை முடித்தபோது நாலு நிமிஷம் மிச்சம் இருந்ததாம்.

டிசம்பரில் முடிவு வந்தது, தேறிவிட்டார். போதகர் பிரசங்க மேடையில் இருந்தே அறிவித்தார். ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு அவருக்கே. இலாய்தியாவும் அவன் அம்மாவும் மேலதிகாரியும் அண்ணனின் லிஸ்ட்டில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார்கள், எங்கள் சாப்பாடு இன்னும் தாமதமாகிறது. ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது அந்த வியாழக்கிழமைச் சாப்பாட்டைத்தான். அண்ணன் கை கழுவப் போயிருந்தார். அண்ணி எனக்குச் சேப்பங்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டே, "பாவம், இன்னிக்கு எல்லாரும் விட்டுப்போயிட்டாங்க" என்றார்.

"ஒருத்தர் பேரு விட்டுப்போகல அண்ணி" என்றேன். "அவர் உங்க..."

"தெரியும். கேட்டுச்சு" என்றார் அண்ணி. "ஃபேன் இரைச்சல்தான் இல்லையே."